கர்க்கிடகமும் ஆடியும் ஒரே மாதம்தான்: நிலமும் எழுத்தும் பற்றிச் சில கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் வகுப்புகளுக்கு 31 வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாட்டின் நிலமும் அதில் கிடைக்கிற பொருளும் அந்த நாட்டின் இலக்கியத்தையும் மனப்போக்கையும் எந்த அளவுக்கு உருவாக்குகின்றன என்று மறையூரிலிருந்து நகரி வரை எல்லையோரத்துத் தமிழ் வாசகர்கள் ஒரு வாரமாகக் கேள்வி அனுப்பினீர்கள். இலக்கியம் நான் படித்த படிப்பு அல்ல. வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கவிதை படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. பதில்களும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மாஷே, குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு என்று நிலத்துக்கு ஓர் உணர்ச்சியை நம் ஆட்கள் அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். நிலம்தான் இலக்கியத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைச் சான்றாக எடுத்துக்கொண்டால் சிக்கல், தாயி. தொல்காப்பியத்தை ஒருமுறை மெதுவாகப் படி. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வருவதெல்லாம் கருப்பொருள். கூடல், பிரிவு போன்ற உணர்ச்சிகள் உரிப்பொருள். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தவர், அடுத்த மூச்சிலேயே "திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே" என்கிறார். அதாவது கடற்கரையில் வைத்தும் ஊடலாம், வயல் நடுவில் வைத்தும் பிரியலாம், தடையில்லை.

இன்னொன்றும் கவனி. அவர் நிலம் சொல்வது நான்குக்குத்தான். பாலைக்கு நிலம் சொல்லவே இல்லை. பிறகு இளங்கோவடிகள் வந்து, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு "பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்கிறார். பாலை ஓர் இடமில்லை, இடத்துக்கு வரும் நோய். மழை பொய்த்தால் எந்த இடத்துக்கும் வரும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிஞன் அதை மனசின் பிரிவோடு கோத்தானே, அதுதான் ஆச்சரியம். நிலம் அவனுக்குச் சொற்களைக் கொடுத்தது. அந்தச் சொற்களால் என்ன சொல்வது என்பதை அவன் முடிவு செய்தான்.

கம்பத்திலிருந்து: வாத்தியாரய்யா, ஒரே மலை. அந்தப் பக்கம் இறங்கினால் மழைப் பாட்டு, இந்தப் பக்கம் இறங்கினால் பஞ்சக் கதை. எல்லாம் மழையளவுதானே?

பாதி சரி. கேரளத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 3000 மில்லிமீட்டரை ஒட்டி மழை. தமிழ்நாட்டில் 1000-ஐக்கூடத் தொடாது. ஆனால் அளவைவிட மாதத்தைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உள்ள மாதத்துக்கு மலையாளத்தில் கர்க்கிடகம், நமக்கு ஆடி. ஒரே முப்பது நாள். அந்தப் பக்கத்தில் அதற்குக் 'கள்ளக் கர்க்கிடகம்', 'பஞ்ஞ மாசம்' என்று பெயர். வெளியே கால் வைக்க முடியாத மழை, வேலை இல்லை, பத்தாயத்தில் நெல் தீர்ந்திருக்கும், உடம்பில் ஈரம் ஏறியிருக்கும். வீட்டுக்குள் குத்துவிளக்கின் முன்னால் உட்கார்ந்து ராமாயணம் வாசிக்கிறார்கள், மருந்துக் கஞ்சி குடிக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், மழை *கூடினதால்* வரும் பஞ்சம்! நம் ஆட்களுக்கு இது புரியவே புரியாது. சின்ன வயசில் எனக்கும் புரியவில்லை. எங்கள் தெருவில் இரண்டு மலையாளக் குடும்பங்கள் இருந்தன. நாங்கள் மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுப் பாட்டி "இந்தக் கர்க்கிடகம் கழிஞ்ஞு கிட்டியாப் போதும்" என்று சொல்வதைக் கேட்டு, இவர்களுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் அதே முப்பது நாளில் என்ன நடக்கிறது? அந்த மேகம் மலையேறும்போது தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது மிச்சக் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். மழை பார்க்காத நாட்டுக்கு ஆற்றில் வெள்ளம் மட்டும் வருகிறது. உடனே பதினெட்டாம் பெருக்கு, ஆற்றங்கரையில் சித்திரான்னம், "ஆடிப்பட்டம் தேடி விதை". அங்கே ராமாயணத்தோடு கதவைச் சாத்துகிற மாதம், இங்கே விதைக்கூடையோடு கதவைத் திறக்கிற மாதம். (இந்தப் பக்கமும் அம்மன் கோயிலில் ஆடிக்குக் கூழ்தான் ஊற்றுகிறார்கள். களஞ்சியம் இங்கேயும் காலிதான். ஆனால் நம் கூழில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது.)

இதனால் என்ன ஆகிறது? மழை தூரத்தில் பெய்து, தண்ணீர் மட்டும் வந்து சேரும் நாட்டில் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் முதல் கலை. தமிழில் நீர்நிலைக்கு எத்தனை சொல்! ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி. பிறகு மடை, மதகு, கலிங்கு என்று திறப்பதற்கும் வழிவதற்கும் தனித்தனிச் சொற்கள். எல்லாவற்றிலும் 'தேக்கு, பங்கிடு' என்ற இரண்டு வினைகள் ஒளிந்திருக்கின்றன. தேக்கின இடத்தில் ஊர் கூடிக் குடியிருக்கும், பங்கிடுகிற இடத்தில் சண்டை வரும். கேரளத்தில் கிணறு வீட்டுக்கு வீடு, வீடு தோப்புக்குத் தோப்பு. நம் கதையில் தெருவும் மந்தையும் வருகிற இடத்தில் அவர்கள் கதையில் தனி வீடும் அதைச் சுற்றின தோட்டமான பறம்பும் வருகின்றன.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். உங்கள் கம்பம் பள்ளத்தாக்கே மழையளவு மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை, 1886-இல் 999 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, 1895-இல் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். மழை மாறவில்லை, மலை மாறவில்லை, ஆனால் உங்கள் மனப்போக்கு மாறியது. பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறீர்கள். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறீர்கள். குலசாமி வரிசையில் ஓர் எஞ்சினீயர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் அதே அணை, மழைக்காலம் வந்தால் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற பயம். யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே கல்கட்டு, இரண்டு நாட்டுப்புறக் கதை. நிலம் கேள்வியை மட்டும்தான் போடுகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் திறக்கிறது, திறவுகோல் யார் கையில் என்பதுதான் கதையை எழுதுகிறது.

அவரே மறுபடி: மலையாளத்தில் தண்ணீரைப் பற்றி எழுதினால் எல்லாம் அழகாகத்தானே இருக்கும்?

தகழி சிவசங்கரப் பிள்ளையைப் படியுங்கள். அவர் எழுதிய குட்டநாடு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற வயல். காயலை வரம்பு கட்டித் தடுத்து, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அப்புறம் நெல் போட வேண்டும். 1948-இல் வந்த அவருடைய நாவலின் பெயர் 'ரண்டிடங்ஙழி'. இரண்டு இடங்கழி என்று பொருள். இடங்கழி நெல் அளக்கிற படி. நாவலுக்குக் கூலியின் அளவையே பெயராக வைத்தார். காயலின் அழகை ஹவுஸ்போட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மறையூரிலிருந்து ஒரு டீச்சர்: பொருள் வளம் கதையின் கருவை மாற்றும், சரி. எழுதுகிற விதத்தையே மாற்றுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. எழுத்தின் உருவத்தையே மாற்றியிருக்கிறது.

எங்கள் வரப்புகளில் பனை உண்டு. வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு ஒரு விளையாட்டு வைப்பேன். பதப்படுத்தின பனையோலை நறுக்கு ஆளுக்கு ஒன்று, ஒரு கூர்மையான ஆணி. "உங்கள் பெயரை எழுதுங்கள்" என்பேன். முதலில் ஒரு பையன் வீறாப்பாக மேலே ஒரு நேர்கோடு இழுப்பான். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது இல்லையா, கோடு அந்த நரம்போடு போய்ப் 'பர்ர்' என்று பிளந்துவிடும். வகுப்பே சிரிக்கும். வளைத்து வளைத்து எழுதுகிறவளின் ஓலை மட்டும் தப்பிக்கும். நம் எழுத்துகளின் சுழியும் வளைவும் அங்கேயிருந்து வந்தவை. தெலுங்கும் மலையாளமும் நம்மைவிட உருண்டை.

அடுத்து, "மெய்யெழுத்துக்குப் புள்ளி வை" என்பேன். ஆணி குத்தும், ஓட்டை விழும். அதனால்தான் ஏட்டில் எழுதினவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் புள்ளியை நம்பியிருந்ததால் அவையும் மங்கின. படிக்கிறவன்தான் இது கொடா, கோடா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் ஏட்டுக்கட்டுகளோடு பட்ட பாட்டில் பாதி இந்தப் புள்ளியில்லாத பாடு.

ஓலைக்கு ஆயுளும் குறைவு. நம் வெயிலும் ஈரமும் கறையானும் விடாது. சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். படியெடுக்க யாருக்கும் தோன்றாத நூல் அத்தோடு சரி. சேர மன்னர்களைப் பாடிய பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பது பழந்தமிழர் எழுதிய இலக்கியம் முழுக்க அல்ல, திரும்பத் திரும்ப எழுதத் தகும் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்த இலக்கியம்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். மெசப்பொத்தேமியாவில் மரமும் கல்லும் அரிது, களிமண் மலை மலையாக இருந்தது. களிமண்ணில் வளைகோடு இழுக்க வராது, அழுத்தத்தான் வரும். அதனால் ஆப்பு வடிவ எழுத்து. ஐஸ்லாந்தில் மாடு வளர்த்தார்கள், கன்றுக்குட்டித் தோலில் தங்கள் வீரகதைகளை எழுதினார்கள். ஒரு கனமான நூலுக்கு எத்தனை கன்றுக்குட்டி போயிருக்கும் என்று யோசித்தால், அவர்கள் ஏன் ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் கதை சொன்னார்கள் என்று தோன்றும். (இந்தக் கடைசி வரி என் ஊகம், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.)

துபாயிலிருந்து, சொந்த ஊர் நெம்மாறை: எண்ணெய் பூமியில் இத்தனை பணம் இருந்தும் எண்ணெயைப் பற்றிப் பெரிய இலக்கியம் ஏன் இல்லை?

நீங்கள் மட்டும் கேட்கவில்லை. அமிதவ் கோஷ் 1992-இலேயே கேட்டார். அரபு எழுத்தாளர் அப்துல் ரகுமான் முனீஃபின் 'உப்பு நகரங்கள்' என்ற எண்ணெய் நாவல் வரிசை 1984 முதல் வந்தது. அதைப் பற்றி எழுதும்போதுதான் கேட்டார். மிளகு வியாபாரம் அத்தனை எழுத்தைப் பெற்றதே, எண்ணெய்க்கு என்ன குறைச்சல் என்பது கேள்வி.

என் கணக்கைச் சொல்கிறேன். மிளகுக்குப் பல கைகள் வேண்டும். மலையில் பறிக்கிறவன், பொதி சுமக்கிறவன், வண்டிக்காரன், தோணிக்காரன், தரகன், கப்பல்காரன். ஒவ்வொரு கையிலும் ஒரு கதை ஒட்டிக்கொள்ளும். அகநானூறு 149-இல் யவனரின் கப்பல் முசிறிக்குப் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்". கறி என்றால் மிளகு. நான்கே சொல்லில் ஏற்றுமதியும் இறக்குமதியும். பட்டினப்பாலையில் "காலின் வந்த கருங்கறி மூடை" என்று புகாரில் மிளகு மூட்டை கிடக்கிறது. கால் என்றால் சக்கரம், வண்டியில் வந்தது என்று உரை. மேற்கு மலை மிளகு கீழைக் கடலுக்கு வண்டியில் வர வேண்டுமென்றால் மலையில் ஒரு வாசல் வேண்டும். உங்கள் நெம்மாறையும் என் ஊரும் உட்கார்ந்திருக்கிற பாலக்காட்டுக் கணவாய் அப்படி ஒரு வாசல். வாங்கினவர்கள் பக்கமும் எழுத்து உண்டு. இந்தியச் சரக்குக்கு வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் போகிறதே என்று ரோமாபுரியில் பிளினி புலம்பியிருக்கிறார். முசிறி வியாபாரத்துக்குக் கடன் வாங்கின ஓர் ஒப்பந்தம், இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ், வியன்னாவில் இருக்கிறது. சரக்கு ஏறி வந்த கப்பலின் பெயர்கூட அதில் இருக்கிறது, ஹெர்மபொல்லோன். நம் பக்கம் பாட்டு, அவர்கள் பக்கம் கடன்பத்திரம்!

எண்ணெய் அப்படியில்லை. குழாயில் வருகிறது, குழாயில் போகிறது. தொடுகிற கை குறைவு, தொடுகிறவனும் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன், இரண்டு வருஷ விசாவில் வந்தவன். அரபு மொழிக்குக் கவிதை வறட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் போய்விட்ட பழைய கூடாரத் தடத்தில் நின்று அழுது தொடங்குவது அவர்களுடைய பழைய கவிதை மரபு. நம் பாலைக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. ஆனால் அது மணலும் ஒட்டகமும் கொடுத்த கவிதை.

2008-இல் பென்யாமின் 'ஆடுஜீவிதம்' எழுதினார். எண்ணெய் நாட்டைப் பற்றிய மலையாள நாவல். அதில் எண்ணெய் இல்லை, ஆடு இருக்கிறது.

நகரியிலிருந்து, தறி ஓட்டுபவர்: சார், எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ராயலசீமா என்றாலே வறட்சியும் வெட்டுக்குத்தும் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். இலக்கியம் கோதாவரிக்குத்தான் சொந்தமா?

சினிமாவுக்கு முதல் போட்டதில் பெரும்பகுதி டெல்டாப் பணம், அண்ணே. தன் ஊரில் பூ, அடுத்த ஊரில் அரிவாள் என்று காட்டுவது இயல்பு.

கோதாவரி டெல்டாவும் பிறக்கும்போதே செழிப்பு இல்லை. ஆர்தர் காட்டன் 1852-இல் தவளேஸ்வரம் அணைக்கட்டை முடித்தார். அதற்கு முன்னால் பஞ்சமும் புயலும் தின்ற பூமி அது. தண்ணீர் வந்தது, நெல் மிஞ்சியது, மிஞ்சின நெல் பள்ளிக்கூடமாகவும் அச்சகமாகவும் நாடகக் கொட்டகையாகவும் மாறியது. கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமந்திரியில் இருந்துகொண்டு விதவை மறுமணத்துக்கு எழுத முடிந்ததில் அந்த நெல்லுக்கும் பங்குண்டு. பெண்ணின் துயரம் ராயலசீமாவில் குறைவாகவா இருந்தது? அச்சகம் குறைவாக இருந்தது.

ராயலசீமாவின் பெரும்பகுதியை 1800-இல் நிஜாம் கும்பெனிக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தார். 'தத்த மண்டலம்', அதாவது தாரை வார்த்த நாடு என்றே பெயர். 1928-இல்தான் ராயலசீமா என்ற கௌரவமான பெயர் வந்தது. ஆனால் கொஞ்சம் பின்னால் போங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் பிறந்தது கடப்பைப் பக்கத்துத் தாள்ளபாக்கத்தில். விஜயநகரம் பின்னாளில் தலைநகரை வைத்தது பெனுகொண்டாவிலும் சந்திரகிரியிலும். அதே வறண்ட பூமி, அதே குறைந்த மழை. அப்போது அரசும் கோயிலும் அங்கே இருந்தன, ஏரி வெட்டின, பாட்டுக்குக் கூலி கொடுத்தன. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் செப்பேட்டில் வெட்டித் திருமலையில் வைக்கப்பட்டதால் செல்லரிக்காமல் கிடைத்தன. ஓலை வாங்கவே திண்டாடிய புலவர்கள் நடுவில் இவருக்குச் செம்பு!

கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் காவியம் எழுத உட்கார்ந்தபோது எடுத்த கதை எது தெரியுமா? நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதை. 'ஆமுக்தமால்யதா' அதுதான். உங்கள் வீட்டுத் தமிழுக்கும் பள்ளிக்கூடத் தெலுங்குக்கும் ஐந்நூறு வருஷம் முன்பே சம்பந்தம் வைத்துவிட்டார்.

அதற்கும் முன்னால், "வடவேங்கடம் தென்குமரி" என்று எல்லை போட்டவனின் வேங்கடம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். குறுந்தொகை 11-இல் ஒருத்தி, வடுகர் (தெலுங்கர்) எல்லையில் இருக்கும் கட்டி என்பவனின் நாட்டுக்கு அப்பால், "மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்" அவரிடம் போய்விடலாம் என்று நெஞ்சிடம் சொல்கிறாள். மொழி மாறுகிற தேசம் என்று பயமில்லாமல் சொல்கிறாள் பாருங்கள். ஆசைக்கு அது ஒரு தூரம்தான், சுவரில்லை.

மூணாறிலிருந்து: எங்கள் தேயிலை மலைக்கு ஏன் திணையும் இல்லை, இலக்கியமும் இல்லை?

தேயிலை அந்த மலையில் முளைத்ததல்ல, நட்டது. ஆளும் அங்கே பிறந்ததல்ல, கங்காணி கூட்டிவந்தது. பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து 1877-இல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பயிரும் வெளியே, முதலாளியும் வெளியே, விலையும் வெளியே. இப்படிப்பட்ட நிலத்தில் கருப்பொருள் எழுதப் போனால், தெய்வம் ஊரிலிருந்து பிடிமண் எடுத்துவந்த மாடசாமி, உணவு ரேஷன் அரிசி, பறை பெரட்டுக்கு (காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுப்பதற்கு) அடிக்கிற தப்பு, தொழில் கொழுந்து பறிப்பது, ஊர் என்பது லயம் என்கிற வரிசை வீடு என்று வரும். ஆறாவது திணைக்கு எல்லாம் தயார்.

இலக்கியம் இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். ஆனால் அதை எழுதினவர் டாக்டர். கொழுந்து பறித்த கை எழுதவில்லை, பாடியது. ஒப்பாரியாகவும் தாலாட்டாகவும் பாடியது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அன்று பாடப்பட்ட ஒப்பாரிகளை யாராவது எழுதி வைத்தார்களா? உங்கள் ஊரில் இன்னும் பாடத் தெரிந்த கிழவிகள் இருந்தால், ஒரு போனை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.

குப்பத்திலிருந்து ஒரு மாணவர்: வெப்பநாட்டு மக்கள் சோம்பேறிகள், குளிர்நாட்டு மக்கள் சிந்தனையாளர்கள் என்று ஐரோப்பியர்கள் எழுதினது அறிவியலா?

இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்தெஸ்கியூ 1748-இல் சட்டங்களைப் பற்றிய நூலில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். அவருக்கு முன்பே, 1377-இல் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பூமியை ஏழு மண்டலமாகப் பிரித்து, நடு மண்டலமே சிறந்தது என்றார். நடுவில் இருந்தது அவர் அறிந்த அரபு உலகம். மோன்தெஸ்கியூவுக்குச் சிறந்தது ஐரோப்பா. யார் எழுதினாலும் சிறந்த தட்பவெப்பம் அவர்கள் வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும். இந்தக் கோட்பாட்டைத்தான் பின்னால் வெள்ளைக்காரன் ஆள்வதற்கு நியாயமாகவும் எடுத்துக்கொண்டான். மார்ச் மாதம் எங்கள் ஊரில் கல்லுடைக்கிற பெண்ணை அரைநாள் பார்த்திருந்தால் மோன்தெஸ்கியூ அந்த அத்தியாயத்தைக் கிழித்திருப்பார்.

ஜப்பானின் வட்சுஜி டெட்சுரோ 1935-இல் எழுதினது கொஞ்சம் மேல். பருவமழை, பாலைவனம், புல்வெளி என்று மூன்று வகை நிலத்துக்கு மூன்று மனம். அவரும் இழுத்து இழுத்துப் பொருத்துகிறார்தான், ஆனால் ஜப்பானைப் பற்றிச் சொல்லும்போது காது கொடுக்கலாம். ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்று விதியே வைத்த நாடு அது. நிலநடுக்கமும் தீயும் பஞ்சமும் பார்த்த கமோ நோ சோமே 1212-இல், பெரிய வீடு எதற்கு, பத்தடிக் குடிசை போதும் என்று எழுதினார். ஆடுகிற பூமியில் இருந்துகொண்டு நிலையாமையைப் பேசப் புத்தமதம் மட்டுமா காரணம்?

பொள்ளாச்சியிலிருந்து: தென்னை உங்கள் பக்கமும் இருக்கிறது, எங்கள் பக்கமும் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கதைகளில் மட்டும் கள்ளுக்கடை வருகிறதே?

சட்டம். எங்கள் சித்தூர்த் தோப்புக் கள் கேரளம் முழுக்கப் போகிறது. எல்லையைத் தாண்டினால் 1987-லிருந்து கள் இறக்கத் தடை, அதே மரத்தில் நீங்கள் இளநீரும் கொப்பரையும் பார்க்கிறீர்கள். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று அதியமானை நினைத்து ஔவையார் அழுதது புறநானூற்றில் 235. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்கிறார். கள்ளை அழுகைக்குள் வைத்த மொழிக்கு இன்றைய கதையில் அதை வைக்க ஓர் இடமில்லை. சாராயம் வைக்க இடம் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து: தஞ்சாவூரும் மருதம், நாஞ்சில் நாடும் மருதம். இரண்டு ஊர் எழுத்தும் ஏன் ஒன்றுபோல் இல்லை?

வயல் ஒன்று, வாரிசு வேறு. நாஞ்சில் நாட்டில் வெள்ளாளர் வீடுகளிலும் மாமன் சொத்து மருமகனுக்குப் போனது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதை 'மருமக்கள்வழி மான்மிய'மாகப் பாடிச் சிரிக்கவும் வைத்தார், வயிற்றெரிச்சலையும் கொட்டினார். தஞ்சாவூரில் அந்த நூல் பிறந்திருக்க வழியே இல்லை. 1956-இல் உங்கள் தாலுக்காக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, எங்கள் சித்தூர் கேரளத்தில் நின்றது. வயலுக்கு அது தெரியாது.

கொழிஞ்சாம்பாறை மாணவி மறுபடி: மாஷே, ஆடிப்பெருக்கு வெள்ளம் கேரள மழை என்கிற மாதிரிச் சொல்லிவிட்டீர்கள். காவிரி குடகில் அல்லவா பிறக்கிறது?

பிடித்துவிட்டாய். தலைக்காவிரி குடகில், கர்நாடகம். கபினி மட்டும் வயநாட்டிலிருந்து போய்ச் சேர்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு என மூன்றுதான். மேற்கு மலையின் மழை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அவளே: கடைசியாக ஒன்று. நம் ஊர் காற்றுக்கு இலக்கியத்தில் பெயர் உண்டா?

பெயர் உண்டு, ஆனால் நம் ஊரில் வந்து தலைகீழாகிவிடுகிறது. தமிழில் நான்கு திசைக்கும் நான்கு காற்று: கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. கொண்டல் என்றால் மேகமும்தான், மழை கொண்டுவரும் காற்று. கோடை மலையில் ஈரத்தை இழந்து சுட்டுக்கொண்டு வரும் காற்று. இந்தப் பெயர்களை வைத்தவன் கிழக்குச் சமவெளியில் உட்கார்ந்திருக்கிறான்.

நம் கணவாயோ மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஓட்டை. ஜூனில் மேற்கிலிருந்து வருகிற காற்று இந்த ஓட்டையில் ஈரத்தோடே புகுந்து பொள்ளாச்சிக்குச் சாரல் போடுகிறது. அங்கே கோடை குளிர்கிறது. தை, மாசியில் கிழக்கிலிருந்து வருகிற காற்று, கொண்டல் என்ற பெயரோடு, புழுதியும் வறட்சியுமாக நம் பனையோலையைச் சடசடவென்று அடிக்கிறது. ஓ.வி.விஜயன் 1969-இல் நூலாக்கிய மலையாள நாவலின் கசாக் என்ற ஊருக்குப் பின்னால் இருக்கிற தஸ்ராக் கிராமமும் இதே பனை, இதே காற்றுதான்.

எங்கள் வீட்டில் தை பிறந்ததும் அம்மா கிழக்குச் சன்னலைச் சாத்துவார், உதடு வெடிக்கிறது என்று. பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த அக்கா ஆனி பிறந்ததும் மேற்குச் சன்னலைச் சாத்துவாள், துணி காயவில்லை என்று.